பறித்தவர் பெயர்

தோவாளை
20-1-1955

உலகம்மைக்கு, பொன்னம்மை எழுதுவது.

பொங்கலுக்கு நீ வரல்ல. லீவு இல்லேண்ணு கார்டு போட்டே. சர்க்கார் வேலைண்ணா அப்படித்தான் இருக்கும்ணு நானும் உன் அத்தானும் சமாதானம் சொல்லிக்கிட்டோம். முந்தாநாள் நயினார் அண்ணாச்சி கூடை எடுக்க வந்தாரு. நம்ம பூவைச் திருவனந்தபுரத்துச் சாலைக் கம்போளச் சந்தைக்குக் கொண்டுபோற அதே நயினார்தான். வந்ததும் வராததுமா, "உங்க தங்கச்சி பி.எஸ்சி. பாஸானது மெய்தானா?"ண்ணு கேட்டாரு. ஏன்ணு கேட்டேன்.

"வள்ளக்கடவுலே புத்தனாத்தங்கரையிலே குத்தவச்சுப் புல்லு பிடுங்கிட்டிருக்கு. தோளுலே ஒரு சாக்குப்பை. மருந்துக்கு வேரு தோண்டுற பொம்பளைண்ணு நினைச்சு விலை கேக்கப் போனேன். கிட்டப் போனா நம்ம உலகம்மை."

பூக் கட்டிட்டிருந்த அத்தனை பேரும் சிரிச்சாங்க. சிரிக்காத ஆளு நான் ஒருத்திதான்.

அம்மை சாகுற வரைக்கும் அடுத்தவன் வயலிலே களை பறிச்சா. அவளுக்குப் பொறவு அஞ்சாம் கிளாஸோட நானும் போய்ப் பறிச்சேன். நீ குனியாண்டாம்ணுதான் உன்னைக் காலேஜிலே விட்டது. நம்ம குடும்பத்துலே முதல் பட்டம் வாங்கினவ நீ. அங்கிண போயும் அதே களையைத்தான் பறிக்கேண்ணா, பதினஞ்சு வருஷப் படிப்பு எதுக்குட்டி?

பகவதிப்பெருமாள் வீட்டுலே திரும்பவும் பொண்ணு கேட்டுவிட்டாங்க. வடசேரியிலே ஜவுளிக்கடை, பையன் சாது. பூக்காரி சொல்லுறேன் கேட்டுக்கோ. பூவை மொட்டுலே பறிக்கணும். விரிஞ்ச பூவைக் கூடையிலே வச்சா மத்த பூவையும் சேத்து ஒதுக்கிருவான்.

பதில் போடு.

பொன்னம்மை

*

சாலை, திருவனந்தபுரம்
27-1-1955

அன்புள்ள அக்காளுக்கு,

நயினார் அண்ணாச்சி பார்த்தது என்னைத்தான். குத்தவைத்திருந்ததும் உண்மை, சாக்குப்பையும் உண்மை. அவர் என்னைப் பார்த்தபோது நானும் அவரைப் பார்த்தேன். எழுந்து நின்று "சுகமா அண்ணாச்சி" என்று கேட்டிருக்கலாம். எனக்கு அது வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு கையிலிருந்த பூளைப்பூச் செடியின் வேரையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கப்படவில்லை என்று எழுத ஆசைதான். பாதி வெட்கம்தான்.

என் வேலை என்ன என்று இதுவரை உனக்கு நான் சரியாகச் சொல்லவில்லை. வாயால் சொல்ல வராது, தெரியுமே. சங்குமுகத்திலிருந்து கோவளம் வரை, வேலிகளிலும் வாய்க்கால் கரைகளிலும் தானாக முளைக்கிற செடிகொடிகளை ஒரு வருஷம் முழுக்கப் பார்க்க வேண்டும். எது எப்போது பூக்கிறது, எப்போது காய்க்கிறது என்று குறிக்க வேண்டும். ஒவ்வொன்றையும் வேர், இலை, பூ, காயோடு எடுத்து, தாள்களுக்கு நடுவில் அழுத்திக் காயவைத்து, அட்டையில் தைக்க வேண்டும். அட்டையின் மூலையில் ஒரு சீட்டு ஒட்டுவோம். செடியின் பெயர், இடம், தேதி, பறித்தவர் பெயர்.

எங்கள் தாவரவியல் பிரிவுக்குத் தலைவர் கல்யாணராமன் சார். வேலையில் சேர்ந்த அன்று அவர் சொன்னது இவ்வளவுதான்: "பறிச்ச இடத்தையும் பறிச்ச ஆள் பேரையும் மட்டும் மாத்தி எழுதிடாதேம்மா. நூறு வருஷம் கழிச்சு ஒருத்தன் இந்தச் சீட்டை நம்பி அந்த இடத்துக்குப் போவான்."

நூறு வருஷம், அக்கா. நம் வீட்டில் ஒருவர் எழுதியது நூறு வருஷம் இருக்கும் என்று நாம் எப்போதாவது நினைத்ததுண்டா? இதுவரை முப்பத்தொரு அட்டைகளில் "உலகம்மை" என்று இருக்கிறது.

இது தற்காலிக வேலை. ஆவணி முடிவில் சேகரிப்பைப் பார்ப்பார்கள். பட்டியலில் நூற்றுப் பன்னிரண்டு செடிகள். எல்லாம் பூவும் காயுமாகத் தேறினால் வேலையை நீட்டிப்பார்கள். ஒன்று குறைந்தாலும் வேறு ஆளை எடுப்பார்கள். அதுவரை பொறு. தேறாவிட்டால் நானே வந்துவிடுகிறேன். பகவதிப்பெருமாள் வீட்டுக்கு நீ சொல்கிற பதிலையே சொல்கிறேன்.

இப்போது வேலியெல்லாம் சங்குப்பூ. மணலில் அடம்பங்கொடி ஊதாப் பூவோடு அலை வரைக்கும் போய்த் திரும்பி வருகிறது.

உலகம்மை

*

திருவனந்தபுரம்
4-4-1955

அன்புள்ள அக்காளுக்கு,

இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. சம்மதம் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

வெயில் கடுமை. பூந்துறையில் மணல் சுடுகிற சூட்டில் எருக்கு மட்டும் நிறையப் பூத்திருக்கிறது. பூவரசம் பூ காலையில் மஞ்சளாக விரிந்து சாயங்காலம் சிவந்து விழுவதை ஒரே பூவின் பக்கத்தில் இருந்து பார்த்தேன். கூடையில் மீன் கொண்டு போன ஒரு அம்மாள் என்னைப் பார்த்துக்கொண்டே போனாள். திரும்பி வரும்போதும் நான் அங்கேயே இருந்தேன். "மோளே, எந்தெங்கிலும் களஞ்ஞு போயோ?" என்று கேட்டாள். எதையாவது தொலைத்துவிட்டேனா என்று. இல்லை என்று தலையாட்டினேன். நம்பாமல் அவளும் கொஞ்ச நேரம் என்னோடு தேடினாள்.

உப்பங்கழி ஓரத்துத் தில்லை மரத்தில் கிளை ஒடிக்கும்போது பால் பட்டு இடது கண் இரண்டு நாள் வீங்கிவிட்டது. இப்போது சரி. இங்கே வீட்டில் சித்தி சரஸ்வதியம்மாளிடம் கொசு கடித்தது என்று சொல்லியிருக்கிறேன். நீயும் சொல்லிவிடாதே.

ஐம்பத்தெட்டு ஆயிற்று.

உலகம்மை

*

தோவாளை
19-6-1955

உலகு,

கொசு கடிக்கல்லேண்ணு சித்திக்குத் தெரியும். சித்தி எல்லாத்தையும் எழுதியிருக்கா. மழையிலே உன் புல்லெல்லாம் பூசணம் பிடிச்சு, நீ அடுப்புக்கு மேலே பரணிலே காயப்போட்டு, சாம்பாரிலே ஏதோ விதை விழுந்து, சித்தப்பா அதைக் கடுகுண்ணு நினைச்சுத் தின்னாராம். நல்லவேளை ஒண்ணும் ஆகல்ல. இங்க அத்தான் அதைக் கேட்டு ரெண்டு நாளா சிரிக்காரு.

கண்ணுக்கு என்ன போட்டே? வேளைக்குச் சாப்பிடுதியா? அதை மட்டும் எழுது. செடிக் கதை வேண்டாம்.

பொன்னம்மை

*

திருவனந்தபுரம்
19-7-1955

அன்புள்ள அக்காளுக்கு,

கண்ணுக்கு விளக்கெண்ணெய் போட்டேன். சாப்பிடுகிறேன். செடிக் கதை வேண்டாம் என்றாய். ஆனால் இந்த ஒரு செடியை உன்னைவிட்டால் யாரிடம் சொல்வேன்?

நூற்றுப் பதினொன்று தேறிவிட்டது. பூசணம் பிடித்த ஒன்பதையும் மழையில் மறுபடி பறித்துவிட்டேன். வேலிகளில் செங்காந்தள் ஏறி நிற்கிறது. கர்க்கடகம், நம் ஆடி, பிறந்துவிட்டது என்று இங்குள்ள பெண்கள் முக்குற்றிச் செடியை அரைத்துப் பொட்டு வைத்துக்கொள்கிறார்கள். அதற்கும் அட்டை ஆயிற்று. ஒன்றே ஒன்றுதான் பாக்கி. தாழை.

புத்தனாற்றங்கரை முழுக்கத் தாழைவேலிதான், இதுவா அகப்படாது என்று கடைசிக்கு வைத்திருந்தேன். என் முட்டாள்தனம். எனக்கு வேண்டியது மரத்திலேயே விரிந்து, மகரந்தம் உதிர்கிற நிலையில் உள்ள முழுப் பூங்கொத்து. அப்படி ஒரு பூ இந்தக் கரையில் கிடையாது. லீலாபாய் என்று ஒரு அம்மாள் இந்த வேலியைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறாள். மடல் பிரியுமுன்னே விடியற்காலையில் கொக்கிக் கத்தியால் அறுத்துக்கொண்டு போய்விடுகிறாள். மூன்று நாள் அவள் பின்னாலேயே நடந்து, நாலாம் நாள் வாயைத் திறந்து ஒரு பூவை மட்டும் விரியவிடுங்கள் என்று கேட்டேன். "விரிஞ்சா பின்னே அது பூவா? சவம்," என்று சொல்லிவிட்டு அடுத்த மரத்துக்குப் போனாள். அவள் எட்டாமல் விட்ட இரண்டு பூக்களை நான் பார்த்தபோது கறுத்து அழுகியிருந்தன.

மழை நின்றால் தாழை பூப்பதும் நின்றுவிடும். நூற்றுப் பதினொன்றுக்கு மதிப்பில்லை.

உலகம்மை

*

தோவாளை
28-7-1955

உலகு,

ஒரு தாழம்பூவுக்கா இவ்வளவு சங்கடம்? வருஷத்துக்கு எத்தனை கட்டு தாழம்பூ என் கையிலே கடந்து போகுது. நயினார் அண்ணாச்சி கையிலே கொடுத்துவிட்டிருக்கேன். நல்ல மணமுள்ளதா நானே பொறுக்கி, முள்ளு ஓரத்தைச் சீவி, மடிச்சுக் கட்டி, ஈரத்துணி சுத்தி. வேற செடியும் வேணும்னாலோண்ணு நினைச்சு, இங்க வேலியிலே கெடந்த சங்குப்பூ, தும்பை, எருக்க மொட்டு எல்லாம் எடுத்து ஒரு மாலையாவே கெட்டி வச்சிருக்கேன். உன் ஆபீஸர் பாத்தா அசந்துருவாரு. முப்பது முழம் கெட்டுற கை, ஒரு முழத்துக்கு இவ்வளவு நேரம் எடுத்தது இதுதான் முதல் தடவை.

இதோட உன் கணக்குத் தீர்ந்துதுல்லா?

பொன்னம்மை

*

திருவனந்தபுரம்
2-8-1955

அக்கா,

கட்டு வந்தது. மாலையும் வந்தது. ஒன்றும் உதவாது.

தாழம்பூவில் இலை இல்லை, காம்பு இல்லை, முள் இல்லை, மகரந்தம் இல்லை. எந்த ஊரில் எந்த மரத்தில் அறுத்தது என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மாலையில் பூ இருக்கிறது, செடி இல்லை. எருக்க மொட்டில் நார் ஏறியிருக்கிறது. அதுவும் தோவாளை எருக்கு, இந்தக் கடலோரத்து எருக்கு இல்லை. ஒரு செடிக்கு வேண்டியது இவை: வேர் அல்லது கிளை, இலை, விரிந்த பூ, காய், நின்ற இடம், உயரம், மண், மணம், பறித்த நாள், நேரம். இவற்றில் ஒன்றுகூட இல்லை. கல்யாணராமன் சார் மேசையில் இதை வைக்க முடியாது. அவர் பார்ப்பதற்குள் மறைத்துவிட்டேன்.

நீ பூவை விற்கிறாய். நான் செடியைப் படிக்கிறேன். இரண்டும் ஒன்றில்லை.

உலகம்மை

*

பொன்முடி
21-8-1955

அன்புள்ள அக்காளுக்கு,

என்னை இங்கே இரண்டு வாரத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். மலையில் வேறொரு சேகரிப்புக்கு ஆள் குறைவு. தேயிலைத் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை வீட்டில் தங்கியிருக்கிறேன். பஸ் எப்போதாவதுதான் வரும். இந்தக் கடிதம் உனக்கு எப்போது கிடைக்குமோ.

சென்ற கடிதத்தைத் தபாலில் போட்ட மறுநிமிஷம் திரும்ப எடுக்க முடியுமா என்று பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். மாலையை மறைத்தேன் என்று எழுதினேன். எங்கே மறைத்தேன் என்று எழுதவில்லை. என் பெட்டிக்குள். சங்குப்பூ நீலம் இன்னும் போகவில்லை. அம்மைக்குப் பிறகு எனக்குத் தலைபின்னி விட்ட கைக்கு நான் எழுதிய எழுத்து அது. நான் யாரோடும் பேசாதவள், உன்னிடம் மட்டும் இப்படி வெட்டிப் பேசுகிறேன்.

நான் இறங்கி வரும்போது தாழை முடிந்திருக்கும். என் வாக்கு வாக்குதான். ஆவணி முடிந்ததும் வருகிறேன். நூற்றுப் பதினொரு அட்டையில் என் பெயர் இருக்கும். அது போதும் என்று நினைத்துப் பழகுகிறேன்.

பதில் போடு அக்கா. திட்டியாவது போடு.

உலகம்மை

*

வள்ளக்கடவு
27-8-1955

(ஈரச்சாக்கில் சுற்றிய பொதியோடு அலுவலகத்தில் கொடுத்த துண்டுத்தாள்)

செடி: தாழை. இங்க உள்ளவங்க கைதைண்ணு சொல்லுதாங்க.
நின்ன இடம்: புத்தனாத்தங்கரை, வள்ளக்கடவுப் பாலத்துக்குத் தெக்கே, லீலாபாய் வீட்டுக்கு நேரே, ஏழாவது தாழைமூடு.
மண்: மேலே மணலு, கீழே கறுத்த சேறு. வேரு தூண் மாதிரி வெளியே இறங்கி நிக்கு. ஒரு துண்டு வெட்டி வச்சிருக்கேன்.
உயரம்: ரெண்டு ஆள்.
மணம்: மொட்டுலே உள்ளதை விடக் கூடுதல். நம்பவே முடியல்ல. விரிஞ்சா மணம் போகும்ணு இத்தனை காலம் பொய்யா சொல்லிட்டிருந்தோம்.
பறிச்ச நேரம்: விடிஞ்சு சூரியன் தென்னைக்கு மேலே வந்த பொறவு. மூணு நாளு காவல் இருந்தேன். மூணாம் நாள்தான் மடல் பிரிஞ்சு மாவு கொட்டிச்சு. மாவைத் தனியா வாழையிலையிலே மடிச்சிருக்கேன்.
காய்: இது வேற மரம், பதினொண்ணாவது மூடு. பூத்த மரத்துலே காய் ஒண்ணும் இல்லை. காய்ச்ச மரத்துலே இந்தப் பூ இல்லை. கரை நெடுக எண்ணிப் பாத்தேன், எல்லாம் அப்படித்தான். இருபது வருஷமா தாழம்பூ விக்கேன், இதை நான் பாத்ததில்லை.

லீலாபாய்க்கு ஒரு கூடை பிச்சிப்பூ கொடுத்து இந்த ஒரு பூவை விடச் சொன்னேன். பூக்காரிக்குப் பூக்காரி பேசினா ஒத்துப்போகும். கூடையைக் கொண்டுவந்தது நயினார் அண்ணாச்சி. கரையிலே குத்தவச்சு இருந்த என்னைப் பாத்தாரு. சிரிக்காம கூடையை இறக்கி வச்சிட்டுப் போனாரு.

ஓணத்துக்குத் தும்பை பறிக்க வந்த பிள்ளைகள் மரத்துக்குக் கிட்டே வந்துது. விரட்டிட்டேன்.

பொன்னம்மை

*

திருவனந்தபுரம்
9-9-1955

அன்புள்ள அக்காளுக்கு,

பொன்முடியிலிருந்து வந்து அலுவலகத்துக்குள் நுழைந்ததும் மணம் வந்தது. பியூன் பிச்சுமணி, "உங்க அக்கா வந்திருந்தாங்க. இதைத் தொட்டா கையை ஒடிச்சிருவேன்னுட்டுப் போனாங்க," என்றார். பத்து நாளும் அவர் சாக்கில் தண்ணீர் தெளித்திருக்கிறார். பூவைக் கல்யாணராமன் சார் அன்றே தம் கையால் தாளில் வைத்து அழுத்தியிருக்கிறார்.

உன் துண்டுத்தாளை நான் எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதே. நான் அந்த வசவுக் கடிதத்தில் வரிசையாகக் கேட்டவை எல்லாம் இருந்தன. நான் கேட்காத ஒன்றும் இருந்தது. தாழையில் ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. புத்தகத்தில் இருக்கிறது. அதை உனக்கு நான் எழுதவே இல்லை. நீயாக எண்ணிப் பார்த்திருக்கிறாய்.

ஒன்று மட்டும் விட்டிருந்தாய். பறித்தவர் பெயர். சீட்டில் நான் நிரப்பினேன்: பொன்னம்மை, தோவாளை.

நேற்று சேகரிப்பைப் பார்த்தார்கள். கல்யாணராமன் சார், வெளியிலிருந்து வந்த இரண்டு பேர். நூற்றுப் பதினொன்றையும் புரட்டினார்கள். கடைசி அட்டையில் நின்றார்கள்.

"யார் இந்தப் பொன்னம்மை? நம்ம ஸ்டாஃபா?" என்று ஒருவர் கேட்டார்.

"என் அக்கா," என்றேன். சத்தம் வெளியே வந்ததா என்று எனக்கே தெரியவில்லை.

கல்யாணராமன் சார் என்னைத் தனியாக அழைத்தார். "உன் சேகரிப்புல வேற ஆள் பேர் இருந்தா ஒண்ணு குறைஞ்சதாக் கணக்கு வச்சிடுவாம்மா. உன் பேரை எழுதிடு. அவதான் உன் அக்காவாச்சே, கோவிச்சுப்பாளா?"

அக்கா, ஒரு வருஷமாக அந்த அறையில் நான் "சரி சார்" தவிர ஒன்றும் சொன்னதில்லை. நேற்றும் அதுவே வந்துவிடும் போல இருந்தது. பூவின் மணம் அறையெல்லாம் இருந்தது. நான் சொன்னேன்: "அன்னைக்கு நான் பொன்முடியில இருந்தேன் சார். நூறு வருஷம் கழிச்சு ஒருத்தன் வந்து பார்ப்பான்னு நீங்கதான் சொன்னீங்க. பறிச்சது அவங்க. அவங்க பேர்தான் இருக்கணும்."

பிறகு மேசைக்குத் திரும்பி, உன் துண்டுத்தாளை எடுத்து, அவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தேன். மண், உயரம், மணம், நேரம். ஏழாவது மூடு, பதினொன்றாவது மூடு. பொய்யா சொல்லிட்டிருந்தோம் என்ற இடத்தில் வெளியூர்க்காரர் ஒருவர் சிரித்தார். ஆண்மரம் பெண்மரம் வந்த இடத்தில் சிரிப்பை நிறுத்திவிட்டார். "இவர் எதுவரை படிச்சவர்?" என்று கேட்டார். ஐந்தாம் வகுப்பு என்றேன். தலை நிமிர்ந்துதான் சொன்னேன்.

கல்யாணராமன் சார் பேனாவை எடுத்து, சீட்டைத் திருத்தாமல், கீழே கையெழுத்துப் போட்டார். நூற்றுப் பன்னிரண்டும் தேறியது. வேலையை இன்னொரு வருஷம் நீட்டியிருக்கிறார்கள், கோவளத்திலிருந்து தெற்கே விழிஞ்ஞம் வரை.

நான் வாக்குப்படி வரவேண்டியதில்லை. ஆனால் தீபாவளிக்கு வருவேன். நயினார் அண்ணாச்சி முன்னாலேயே பஸ்ஸிலிருந்து இறங்குவேன், சாக்குப்பையோடு.

உலகம்மை

*

தோவாளை
3-10-1955

உலகு,

உன் கடிதத்தை அத்தான் வாசிச்சாரு. நான் பூக் கெட்டிட்டே கேட்டேன். அஞ்சாம் கிளாஸ்ணு சொன்ன இடத்தை ரெண்டு தடவை வாசிக்கச் சொன்னேன். வேற ஒண்ணுக்கும் இல்லை, நூல் சிக்கிட்டு.

பகவதிப்பெருமாள் வீட்டுலே, பிள்ளைக்கு ஒரு வருஷம் கூட வேலை நீண்டிருக்கு, காத்திருக்க முடிஞ்சா இருங்கோ, முடியல்லேண்ணா வருத்தமில்லேண்ணு சொல்லிவிட்டேன். வேலையை விடணும்ணா பேச்சே வேண்டாம்ணும் சொல்லிவிட்டேன். யோசிச்சுச் சொல்லுறோம்ணு போயிருக்காங்க. யோசிக்கட்டும்.

நேத்து நயினார் அண்ணாச்சி பூ எடுக்க வந்தாரு. எல்லாரும் இருந்தாங்க. "தங்கச்சி இன்னும் புல்லுதான் பிடுங்குதா?"ண்ணு புதுசா வந்த ஒருத்தன் கேட்டான். நான் வாயைத் திறக்குறதுக்கு முன்னாலே அண்ணாச்சியே சொன்னாரு: "பிடுங்குறதுதான். அந்தப் புல்லை சர்க்கார் பீரோவிலே வச்சுப் பூட்டியிருக்கான். உன் பூவை நாளைக்கு எவன் வச்சிருப்பான்?" சிரிச்சது எல்லாரும். இந்தத் தடவை நானும்.

பீரோவிலே என் பேரு இருக்குற அட்டையைத் தீபாவளி கழிஞ்சு உன்கூட வந்து பாக்கணும். உன் பேரு உள்ள நூத்திப் பதினொண்ணையும் அதுக்கு முந்திப் பாக்கணும். எல்லாத்தையும் காட்டுவியா, இல்லே ஆபீஸர் விடமாட்டாரா? விடல்லேண்ணா நான் பேசிக்கிடுதேன்.

இன்னொண்ணு. பின்பக்கத்துப் பிச்சியிலே ஒரு கொடியைப் பறிக்காம விட்டிருக்கேன். அத்தானுக்குக் கோபம், வீணாப் போகுதேண்ணு. பூ விரிஞ்சு நாலு நாளாச்சு. எல்லாம் உதிர்ந்துட்டு. ஒரு காய்கூடப் பிடிக்கல்ல. முப்பத்தாறு பூ எண்ணினேன்.

ஏன்ணு எழுது.

பொன்னம்மை